பெரிய நிறுவனங்களின் சேவைகளைச் சாராமல் இருக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முழுமையாக முடியுமா என்றால், என்னால் முடியவில்லை. பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. ஐந்து வருடமாகச் செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஒருநாள் காலையில் என் மின்னஞ்சல் கணக்கு முடங்கியது. வழக்கத்துக்கு மாறான செயல்பாடு என்று ஒரு வரி, முறையிட ஒரு படிவம், அதை நிரப்பினால் தானியங்கிப் பதில். பதினொரு நாள் கழித்து, காரணம் எதுவும் சொல்லாமலே திறந்துவிட்டார்கள். அந்தப் பதினொரு நாளில் வேறு எந்தத் தளத்தில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினாலும், அதற்கான மடல் அதே பூட்டிய பெட்டிக்குள் போய் விழுந்தது.

அதனால் பாஸ்வேர்டில் தொடங்குங்கள். பிரவுசர், ஆபிஸ் மென்பொருள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கீபாஸ்எக்ஸ்சி என்ற திறந்த மூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்) எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டிய ஒரே கோப்பில் வைக்கும். அந்தக் கோப்பு உங்கள் கையில் இருக்கும். இரண்டு மூன்று இடத்தில் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முகவரி. சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) பதிந்து, அதில் மின்னஞ்சல் வைத்துக்கொண்டால், பின்னால் இருக்கும் சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரி மாறாது. டொமைனைப் புதுப்பிக்க மட்டும் மறக்கக் கூடாது. ஆனால் மெயில் சர்வரை, அதாவது மடல்களை அனுப்பிப் பெறும் கணினியை, நீங்களே நடத்தப் போகாதீர்கள். நான் நடத்தினேன். அனுப்பிய மடல்களில் பாதி பெறுபவரின் ஸ்பாம் பெட்டிக்குப் போனது, நான்கு மாதத்தில் மூடிவிட்டேன்.

புகைப்படங்களுக்கு சிங்க்திங் என்ற மென்பொருள். போனில் எடுக்கும் படம் வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்புக்கு நேராகப் போய்விடும், நடுவில் யாரும் சேமித்து வைப்பதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இது பேக்கப் ஆகாது. போனில் அழித்தால் அங்கேயும் அழியும். வெளி ஹார்ட் டிஸ்கில் தனியாக ஒரு நகல் கட்டாயம் வேண்டும். ஆவணங்களுக்கு லிப்ரே ஆபிஸ். அதன் ஓடிஎப் வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ தரம், அதனால் நாளைக்கு வேறு மென்பொருளிலும் திறக்கலாம்.

சமூக வலைத்தளம் என்றால் மாஸ்டடான். வெவ்வேறு ஆட்கள் தனித்தனியாக நடத்தும் பல சர்வர்கள், எல்லாம் ஒன்றோடொன்று பேசும். அவை பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. நான் முதலில் சேர்ந்த சர்வரை ஒரே ஒருவர் தன் சொந்தச் செலவில் நடத்தினார். களைத்துப்போய், மூன்று மாதம் அவகாசம் கொடுத்துவிட்டு மூடினார். என்னைப் பின்தொடர்ந்தவர்கள் புதிய கணக்குக்கு என்னோடு வந்துவிட்டார்கள், எழுதிய பதிவுகள் வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு வருடம் இலவசமாக இருந்த நான் ஒருமுறைகூட நன்கொடை கொடுத்திருக்கவில்லை. இப்போது இருக்கும் சர்வரில் கணக்குவழக்கைப் பொதுவில் வைக்கிறார்கள், பராமரிக்க நான்கு பேர் இருக்கிறார்கள், நானும் மாதாமாதம் கொடுக்கிறேன். சேருமுன் இந்த மூன்றையும் பாருங்கள்: யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர், காசு எங்கிருந்து வருகிறது.

நான் தோற்றுப்போன இடம் மெசேஜிங். நெருங்கிய ஏழெட்டுப் பேரை சிக்னலுக்குக் கொண்டுவந்தேன். அது லாப நோக்கற்ற அமைப்பு, மூல நிரலும் திறந்தது. என்றாலும் எல்லாருக்கும் ஒரே இடத்து சர்வர்தான். மற்ற உறவினர்கள் எல்லாம் பழைய ஆப்பிலேயே இருக்கிறார்கள், அதனால் அதையும் போனில் வைத்திருக்கிறேன். ஒரு கொள்கைக்காகச் சித்தப்பாவின் குரலை இழக்க எனக்கு மனமில்லை.

மனதுக்கு மிகவும் நிறைவாக இருந்தது வரைபடம். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ் அதை இணையம் இல்லாமலே காட்டும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று இன்னொரு ஆப், நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றிச் சின்னச் சின்னக் கேள்வி கேட்கும், சொல்லும் பதில் அந்த வரைபடத்தில் சேரும். ஒரு மாலை, நான் தினமும் ஏறும் படிக்கட்டைக் காட்டி, இதற்குக் கைப்பிடி உண்டா, எத்தனை படி என்று கேட்டது. இறங்கி, திரும்ப எண்ணிக்கொண்டே ஏறினேன். இருபத்தாறு படி, இடது பக்கம் மட்டும் கைப்பிடி. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரோடு வெளியே போகும்போது இந்த ஒரு தகவலைத்தான் தேடிக்கொண்டே இருப்பேன். அடுத்த வாரம் பார்த்தால், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு சாய்தளம் இருப்பதைச் சேர்த்திருந்தார். அத்தனை நாள் போய்வந்தும் அது என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அம்மா அந்த வழியாகத்தான் போகிறார்.