செடிக்கு என்ன சீக்கு?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் தாவரவியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் இயற்கைப் பாதுகாப்புக்கென ஒரு மையம் தொடங்குகிறார்கள். ஆய்வு ஒரு பிரிவு, மக்கள் தொடர்பு இன்னொரு பிரிவு. ஏற்காட்டு ஏரிக்கரையில் பிளாஸ்டிக் அகற்றுவதும், மலைக் கிராமங்களில் காட்டின் அருமையை எடுத்துச் சொல்வதும் இரண்டாம் பிரிவின் வேலைகள். ஆய்வுக்குத்தான் மதிப்பு என்கிறார் என் பேராசிரியர். நான் எதில் சேரலாம்? இத்தகைய மையங்களால் பயன் உண்டா?

வாசகி, சேலம்

அன்புள்ள மாணவிக்கு,

பயன் உண்டா என்பதை நடத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிளாஸ்டிக் பொறுக்குவது நல்ல காரியம், பொறுக்குங்கள். ஆனால் ‘காட்டின் அருமையை எடுத்துச் சொல்வது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி இரண்டு நாட்களாக என்னை உறுத்துகிறது. யாருக்கு எடுத்துச் சொல்லப் போகிறீர்கள்? 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நடுவதற்கு முன்பே, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினருக்கா? (கேரளத்துக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள், உங்கள் வகுப்பிலேயே சிலர் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.)

முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முனைவர் பட்டத்துக்காக ஓர் இளைஞர் வந்தார். பழைய செய்தித்தாள்களுக்கு இடையில் செடிகளை வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டுவார். எந்தச் செடி எங்கே நிற்கிறது, எந்த மாதம் பூக்கும், எதை ஆடு தின்னாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே அவருக்கு முன்னால் நடந்தவர் எங்கள் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்த ஒரு பாட்டி. மூன்று வாரத்தில் இளைஞர் இறங்கிப் போனார். அதன்பிறகு அவர் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு சம்பள நாளில் பாட்டி என்னிடம் கேட்டார்: “ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தா நாலு நாள்ல என்ன சீக்குன்னு சொல்லிப்புடறாங்க. அந்தப் புள்ள அத்தன செடிய எடுத்துக்கிட்டுப் போச்சே, அதுங்களுக்கு என்னவாம்?”

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் கூசுகிறேன். வெகுகாலம் கழித்து அந்த ஆய்வேட்டைத் தேடிப் பிடித்துப் படித்தேன். முழுவதும் ஆங்கிலம். ‘உள்ளூர்ப் பெயர்’ என்ற பத்தியில் பாட்டி அழுத்தமாகச் சொன்ன ழகரங்களெல்லாம் லகரமாகியிருந்தன. நன்றியுரையில் நெறியாளர் முதல் தட்டச்சு செய்தவர் வரை எல்லோரும் இருந்தார்கள், பாட்டி இல்லை. அந்த இளைஞர் கெட்டவர் அல்லர். திரும்பிப் போகவேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஆய்வு வேறு, மக்கள் தொடர்பு வேறு என்று பிரித்ததிலேயே எனக்குச் சம்மதமில்லை. எடுத்துக்கொண்டு போனதற்குப் பதில் சொல்வதுதான் மக்கள் தொடர்பு. அதையும் தமிழில், செடியின் பெயரைச் சொன்னவர் காதுபடச் சொல்லவேண்டும். விழிப்புணர்வு முகாம் என்று பதாகை கட்டி, மாவட்ட அதிகாரிக்குச் சால்வை போர்த்தி, விறகு பொறுக்கப் போகிறவளுக்குக் காட்டைப் பற்றி வகுப்பெடுப்பது தொடர்பு அன்று, அவமதிப்பு.

மலையில் கேள்விகளுக்கா பஞ்சம்? காட்டெருமைகள் காப்பித் தோட்டங்களுக்குள் வருகின்றன. எந்தப் பாதையில், எந்த மாதத்தில் என்று தோட்டக்காரர்களோடு சேர்ந்து குறித்து வையுங்கள். காப்பிச் செடிக்குப் பலாவும் அத்தியும் நிழல் தந்த இடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரம் வரிசைகட்டி நிற்கிறது. நெட்டையாக வளரும், மிளகுக்கொடி ஏறும், வெட்டினால் காசு. ஆனால் அத்திப்பழம் தின்னும் குருவிக்கு அதில் ஒன்றுமில்லை. ஏக்கருக்கு எத்தனை நாட்டு மரங்கள் நின்றால் காப்பி விளைச்சல் குறையாது என்று இரண்டு ஏக்கர்க்காரர் கேட்டால், உங்கள் மையம் அவருக்கு விடை வைத்திருக்கவேண்டும்.

எதில் சேரலாம் என்றுதானே கேட்டீர்கள்? ஆய்விலேயே சேருங்கள். நேர்காணலின் முடிவில், கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். ஆய்வு முடிந்தபின் அதே ஊருக்கு மறுபடி போய்வரப் பேருந்துச் செலவு ஒதுக்கியிருக்கிறீர்களா என்று கேளுங்கள்.