ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு: முதலில் ராமைப் பாருங்கள்

வணக்கம். ஆன் செய்தால் சிபியூ ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் எதுவும் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வீடு சென்னைக் கடலோரக் காசிமேடு என்றதும் எனக்கு ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகப் பட்டை) மேல்தான் சந்தேகம். நான் பக்கத்து ராயபுரம். இந்த உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, ராம் எம்மாத்திரம்!

அதற்கு முன், சிபியூவிலிருந்து மானிட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போடுங்கள். 'நோ சிக்னல்' என்று வந்தால் பெரும்பாலும் மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கேபிளை மதர்போர்டில் (எல்லா பாகங்களும் மாட்டியிருக்கும் முக்கியப் பலகை) செருகாமல் அந்தக் கார்டில் செருகுங்கள்.

சரி, ராமுக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கிளிப்பை விலக்கி ராமை எடுத்து, அடியில் உள்ள தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேயுங்கள். ரப்பர் கறுத்தால் அழுக்கு வருகிறது என்று அர்த்தம். துகளை நன்றாகத் தட்டிவிட்டு, கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். அரைகுறையாக உட்கார்ந்தாலும் திரை வராது. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அப்புறமும் வரவில்லையா? மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், ஆன் செய்யும்போது பீப் சத்தம் எத்தனை முறை கேட்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள்.