ட்ரிப்ஸ் ஏறுதுன்னா சாப்பிட்ட மாதிரி ஆயிடுமா?

கேள்வி: மேடம், அம்மாவுக்கு 76 வயசு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு நாள் ஆகுது. தண்ணி ரெண்டு வாய்க்கு மேல வேணாங்கறாங்க, கஞ்சியும் அரை டம்ளர்தான். ட்ரிப்ஸ்தான் ஏறுதே, விடுங்கறாங்க சொந்தக்காரங்க. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. நார்மல் சலைன் பாட்டில்ல இருக்கறது வெறும் உப்புத் தண்ணி. குளுக்கோஸ் பாட்டில்னு சொல்றோமே, 5 பர்சென்ட், அந்த 500 மில்லிலயே 25 கிராம் குளுக்கோஸ்தான், சுமாரா 100 கலோரி, அதாவது ரெண்டு இட்லி அளவு, ஆனா அந்த பாட்டில்ல புரதம் சுத்தமா கிடையாது.

வயசானவங்களுக்கு தாகமே சரியா தெரியாது, அதனால "தண்ணி வேணுமாம்மா"ன்னு கேக்காதீங்க, கேட்டா வேணாம்னுதான் வரும், கால் டம்ளர் ஊத்தி கையில குடுத்துடுங்க, மணிக்கு ஒரு தடவை. மோர், ரசம், பால், காபி எல்லாமே கணக்குதான். பெண்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1.6 லிட்டர், ஆனா இதயமோ கிட்னியோ வீக்குன்னா எவ்ளோன்னு டாக்டர்தான் சொல்லணும், அவங்களுக்கு இளநீரும் கேக்காம குடுக்காதீங்க, பொட்டாசியம் ஜாஸ்தி.

இன்னொண்ணு, யாரும் வாய்விட்டு சொல்றதில்ல. நிறைய பேர் குடிக்காததுக்கு காரணம் பெட்பேன்தான், அதான் படுக்கையிலயே யூரின் போக வைக்கற பாத்திரம். எங்க வார்டுல ஒரு பாட்டி சாயங்காலம் நாலு மணிக்கு மேல சொட்டுத் தண்ணி தொட மாட்டாங்க, ஏன்னு கேட்டா "ராத்திரி யாரைம்மா எழுப்பறது, கூச்சமா இருக்கு"ன்னு காதுக்குள்ள சொன்னாங்க. ராத்திரி கூட இருக்கறது மருமகனா மகனான்னு பாத்துட்டு ஒரு பொம்பளையை மாத்தி விட்டோம், அன்னைக்கே குடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் பல்செட். ஆபரேஷனுக்குக் கழட்டினது இன்னும் பைக்குள்ளயே கிடக்கும், இங்க நாம பசியில்லைன்னு கவலைப்பட்டுட்டு இருப்போம்!

சாப்பாட்டுல கஞ்சியைக் குறைங்க, அதுல பெரும்பகுதி தண்ணிதான். 50 கிலோ எடைக்கு 60 கிராம் புரதமாவது வேணும், ஒரு முட்டையில 6 கிராம், ஒரு டம்ளர் பால்லயும் கிட்டத்தட்ட அவ்ளோதான். பருப்பு கூட்டி குழைச்ச சாதத்துல நெய், ரெண்டு மணிக்கு ஒருக்கா நாலு வாய். ஆனா அஞ்சு நாளா சரியா சாப்பிடாத உடம்புல ஒரேயடியா திணிச்சா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம்ங்கற உப்புகள் ஆபத்தான அளவுக்கு எறங்கிடலாம், அதனால டயட்டீஷியனைக் கேட்டுட்டு மெதுவா ஏத்துங்க.

நல்லா நிமிர்த்தி உக்கார வச்சுதான் குடுக்கணும், முடிஞ்சும் அரை மணி நேரம் படுக்க விடாதீங்க. குடிக்கும்போது இருமினாலோ குரல் கரகரன்னு ஆனாலோ நிறுத்திட்டு நர்ஸ்கிட்ட சொல்லுங்க. உடம்புல தண்ணி வத்திருக்கான்னு தோலைக் கிள்ளிப் பாக்கறது இந்த வயசுல உதவாது, தோலே தளர்ந்துதான் இருக்கும். நாக்கு வறண்டிருக்கா, யூரின் கம்மியா அடர் மஞ்சளா போகுதா, திடீர்னு சம்பந்தமில்லாம பேசறாங்களா பாருங்க, அப்படிப் பேசினா வயசுக் கோளாறுன்னு விடாம அப்பவே டாக்டரைக் கூப்பிடுங்க. குடிச்சது, சாப்பிட்டது, போனது எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சு காலைல ரவுண்ட்ஸ் வரும்போது காட்டுங்க.