ஜர்னல் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது: கேள்வி பதில்

கேள்வி: மின்சாரம் போய் வந்த பிறகு, லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் (கோப்பு முறைமை) உள்ள பார்ட்டிஷனில் சில கோப்புகள் 0 பைட்டாகக் கிடக்கின்றன. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் வேலை செய்யவில்லையா?

பதில்: செய்திருக்கிறது. அது காப்பது இனோடு (ஒவ்வொரு கோப்பின் விவரக் குறிப்பு), கோப்பகம், இட ஒதுக்கீட்டுக் கணக்கு ஆகியவற்றை, அதாவது மெட்டாடேட்டாவை. இயல்பான 'ஆர்டர்டு' முறையில் உங்கள் தரவு ஜர்னலுக்குள் போவதே இல்லை. ஜர்னல் கமிட் 5 நொடிக்கு ஒருமுறை நடக்கும். ஆனால் தாமத ஒதுக்கீட்டினால் தரவுக்கான பிளாக் ஒதுக்குவது 30 நொடி வரைகூடத் தள்ளிப்போகலாம். அதற்குள் மின்சாரம் போனால் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நிரல் எழுதுபவர்கள் தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் (தரவை உடனே வட்டில் எழுதச் சொல்வது) அழைத்து, அதன் பிறகே உண்மையான பெயருக்கு ரீநேம் செய்ய வேண்டும். எஃப்சிங்க் இல்லாத ரீநேமை எக்ஸ்ட்4 ஓரளவு தானே சமாளித்துவிடும். அந்தச் சலுகையை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் தரவையும் ஜர்னலில் எழுதும் 'டேட்டா=ஜர்னல்' விருப்பத்தைப் போட்டுவிடலாமே?

பதில்: தரவு இரண்டு முறை எழுதப்படும், தாமத ஒதுக்கீடும் போய்விடும். எஃப்சிங்க் செய்யாத கடைசி நொடிகள் அப்போதும் போனதுதான். பெரும்பாலானோருக்கு இது வீண்.

கேள்வி: எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டத்தின் ரிப்பேர் கருவி, உரிய இடத்தில் இன்னும் எழுதப்படாத மாற்றங்கள் லாக்கில் (அதன் ஜர்னலில்) இருப்பதாகச் சொல்லி நின்றுவிடுகிறது. பெரிய 'எல்' விருப்பத்தைப் போடச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த விருப்பம் லாக்கையே துடைத்துவிடும். வட்டில் உரிய இடத்துக்கு இன்னும் போய்ச் சேராத மெட்டாடேட்டா மாற்றங்கள் அத்தோடு தொலையும். பிறகு கோப்புகள் பெயரிழந்து, வெறும் இனோடு எண்ணோடு 'லாஸ்ட்+ஃபவுண்ட்' கோப்பகத்தில் வந்து விழலாம். முதலில் ஒருமுறை மவுண்ட் செய்து (கணினியோடு இணைத்து) அன்மவுண்ட் செய்யுங்கள். மவுண்ட் ஆகும்போதே லாக் மீள இயங்கும், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். மவுண்ட் ஆகாவிட்டால், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் வட்டின் படிப்புப் பிழை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பழுதான வட்டை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவில் முழு நகல் எடுத்து, நகலின் மேல்தான் கை வைக்க வேண்டும். ரிப்பேர் கருவியில் சிறிய 'என்' போட்டு ஒத்திகை பார்க்கலாம். ஆனால் அது லாக்கைக் கணக்கில் எடுக்காது, இல்லாத பிழைகளையும் காட்டும்.

கேள்வி: சாகப்போகும் வட்டை 'ரீட்-ஒன்லி'யாக மவுண்ட் செய்தால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. பலர் ஏமாறும் இடம் இது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுமே அப்போதும் ஜர்னலை மீள இயக்கி வட்டில் எழுதும். எக்ஸ்ட்4-க்கு 'நோலோட்', எக்ஸ்எஃப்எஸ்-க்கு 'நோரெகவரி' விருப்பத்தைச் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: புதிய சர்வருக்கு எது?

பதில்: பெரிய கோப்புகளும், ஒரே நேரத்தில் எழுதும் பல த்ரெட்களும் என்றால் எக்ஸ்எஃப்எஸ். ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸில், 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து அதையே இயல்பாக வைத்திருக்கிறது. பார்ட்டிஷனைப் பின்னால் சுருக்க வேண்டியிருந்தால் எக்ஸ்ட்4. எக்ஸ்எஃப்எஸ்-ஐ வளர்க்கலாம், சுருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்4-இல் இனோடு எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. கோடிக்கணக்கில் குட்டிக் கோப்புகள் வைத்தால், இடம் மிச்சமிருக்கும்போதே 'இடமில்லை' என்று சொல்லும். 'டிஎஃப் -ஐ' கட்டளையைப் போட்டால் காரணம் தெரியும். ரூட்டுக்கென்று (நிர்வாகிக் கணக்கு) எக்ஸ்ட்4 ஒதுக்கும் 5 சதவீதம் 4 டிபி வட்டில் 200 ஜிபி. தரவு மட்டும் வைக்கும் வட்டென்றால் ட்யூன்2எஃப்எஸ் கருவியில் 1 சதவீதமாக்குங்கள்.

கேள்வி: பழைய வட்டில் ரைசர்எஃப்எஸ் என்ற பழைய ஃபைல்சிஸ்டம் இருக்கிறது.

பதில்: லினக்ஸ் 6.13-இல் அதை நீக்கிவிட்டார்கள். 6.12 அல்லது அதற்கு முந்தைய கெர்னலில், அந்த மாட்யூல் இருக்கிறதா என்று பார்த்து, பூட் செய்து இப்போதே நகலெடுங்கள்.