சண்டைத் தொடர்கள் சலித்துவிட்டனவா? இவற்றைப் படியுங்கள்

முடிவே வராத சண்டைத் தொடர்கள் சலித்துவிட்டன, நிதானமான, முற்றுப்பெற்ற மாங்கா (ஜப்பானியப் படக்கதை) வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் ஜிரோ தனிகுச்சியின் 'எ டிஸ்டன்ட் நெய்பர்ஹுட்'டில் தொடங்குங்கள். 1998இல் வெளிவந்த தொடர் இது. 48 வயது ஹிரோஷி கியோட்டோவில் தவறான ரயிலில் ஏறி, சொந்த ஊரான குராயோஷிக்குப் போய்விடுகிறார். அங்கே தாயின் கல்லறையருகே நினைவிழந்து, காலத்தில் பின்னோக்கிப் போய், 14 வயதுச் சிறுவனாகக் கண்விழிக்கிறார். மனம் மட்டும் 48 வயதுக்காரருடையது. அவருடைய அப்பா யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனதும் அதே ஆண்டில்தான். அதைத் தடுக்க முடியுமா என்ற தவிப்பே கதை. அப்பாவை அவர் ஒரு பெரியவரின் கண்ணால் பார்க்கத் தொடங்கும் பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள். அப்பாமீது கோபம் கொள்வதா, இரங்குவதா என்று நமக்கே தெரியாமல் போகும். முடிவை முன்கூட்டி எங்கும் தேடிவிடாதீர்கள்.

அது பிடித்தால், ஹிதோஷி அஷினானோவின் 'யோகோஹாமா கைதாஷி கிகோ'. கடல் மெல்ல ஊர்களை விழுங்கும் காலத்தில், ஆல்ஃபா என்ற ரோபோப் பெண் காபிக்கடை நடத்துகிறாள். 1994 முதல் 2006 வரை வந்த இத்தொடர் 14 தொகுதிகளில் முடிந்துவிட்டது. பல அத்தியாயங்களில் வசனமே குறைவு. ஒரே மூச்சில் முடிக்காமல், இரவில் ஓரிரு அத்தியாயமாகப் படித்துப் பாருங்கள்.