மேலதிகாரி சொன்னதைச் செய்த சிப்பாயைப் போர்க்குற்றத்துக்காகத் தண்டிப்பது நியாயமா?

நியாயம்தான். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன்.

பட்டாளத்தில் சொன்னதைச் செய்தே தீர வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ‘சட்டப்படியான கட்டளை’யை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. கைகட்டி நிற்பவனைச் சுடச் சொல்வது அதில் சேராது. பயிற்சியில் எங்கள் உஸ்தாத் இந்தப் பிரிவை ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். பூட்ஸ் பாலிஷுக்குத்தான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மீ லாயில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர்மக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, ஹியூ தாம்சன் என்ற விமானி தன் ஹெலிகாப்டரை இரு தரப்புக்கும் நடுவில் இறக்கி மறித்தார். அதற்கு ராணுவம் சோல்ஜர்ஸ் மெடல் கொடுத்தது 1998இல்! வழக்கில் தண்டனை பெற்றவர் லெப்டினன்ட் கேலி ஒருவர்தான். ஆயுள் தண்டனை என்றார்கள். சில வருட வீட்டுக்காவலோடு முடிந்தது. அவருக்கு மேலிருந்த கேப்டன் விடுதலையானார். சிப்பாயைத் தண்டிப்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவனோடு நிறுத்திக்கொள்வதும், ஆறப்போட்டு அவனையும் விட்டுவிடுவதும்தான் உறுத்துகிறது.

2020 மார்ச் 26, ஊரடங்கு ஆரம்பம். இங்குள்ள இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும், யாழ்ப்பாணம் பக்கத்துத் தென்மராட்சிக்கார அண்ணன் ஒருவர் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டார். தராசில் போட்டுக்கொண்டிருந்தபோது போனை நீட்டினார். மிருசுவில் வழக்கில் மரண தண்டனை பெற்ற இலங்கை ராணுவக்காரர் சுனில் ரத்நாயக்கவை இலங்கை ஜனாதிபதி கோத்தபய மன்னித்து விடுதலை செய்துவிட்டாராம்.

2000 டிசம்பரில் தங்கள் வீடுகளைப் பார்க்கப்போன எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கு அது. அவர்களில் ஒன்று ஐந்து வயதுக் குழந்தை. தீர்ப்பு வரப் பதினைந்து வருடம் ஆயிற்று. ராணுவத்தினர் ஐந்து பேர் மீது வழக்கு. நான்கு பேர் விடுதலை. மிஞ்சிய ஒருவருடைய தண்டனையை 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்திருந்தது.

“உங்கள் பட்டாளத்திலும் இப்படி விடுவார்களோ, தம்பி?”

பருப்பைப் பொட்டலம் கட்டியபடி யோசித்தேன். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் 2010இல் காஷ்மீரின் மச்சிலில் மூன்று பேரைப் போலி மோதலில் எங்கள் பட்டாளத்துக்காரர்களே கொன்றார்கள். எங்கள் ராணுவமே விசாரித்து ஆயுள் தண்டனை கொடுத்தது. அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 2017இல் ராணுவத் தீர்ப்பாயம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்துவிட்டது. அதையும் சேர்த்தே சொன்னேன்.

அண்ணன் துண்டை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பருப்பு இன்னொரு கால் கிலோ போடச் சொன்னார். நாளைக்குக் கடை திறப்பீர்களா என்று கேட்டார்.