முதல் ஹெல்த் அசெஸ்மென்ட் பரீட்சைக்கு எந்த கைடு நல்லது?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் முதல் ஹெல்த் அசெஸ்மென்ட் பிராக்டிகல், அதாவது நோயாளியின் உடம்பைப் பரிசோதித்துக் காட்டும் செய்முறைத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம் என்பதால் பாடப்புத்தகத்தைத் திறந்தாலே பயம் வருகிறது. சீனியர் அக்காக்கள் நாற்பது பக்க நோட்ஸ் கொடுத்து, இதை மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்கள். இரண்டு முறை படித்தும் எதுவும் மனசில் நிற்கவில்லை. இன்னும் சுருக்கமாக ஒரு கைடு சொல்ல முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி, தருமபுரி மாவட்டம்

பதில்: கைடு எதுவும் சொல்லப் போவதில்லை, அம்மா. அந்த நாற்பது பக்கத்தையும் கொஞ்ச நாள் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அது நிற்காததற்கு உங்கள் ஞாபகசக்தியோ தமிழ் மீடியமோ காரணமில்லை. கையும் காதும் கற்க வேண்டியதைக் கண்ணால் படித்து முடிக்கப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பாடத்திட்டத்தை மாற்றியபோது, ஹெல்த் அசெஸ்மென்ட்டை இரண்டாம் செமஸ்டரிலேயே நர்சிங் ஃபவுண்டேஷன்ஸ் தாளோடு சேர்த்து வைத்தது. முதல் வருஷத்திலேயே ஒரு மனித உடம்பைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதை நோட்ஸ் எப்படித் தரும்?

ஹாஸ்டலில் உங்கள் அறையில் நான்கு பேர் இருந்தால் நான்கு நெஞ்சு, நான்கு வயிறு, எட்டு மணிக்கட்டு இருக்கின்றன. தோழியிடம் கேட்டு, அவள் சரி என்றால் மட்டும், தினமும் இரவு அரை மணி நேரம் பரிசோதித்துப் பழகுங்கள். 'எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன கேட்கப் போகிறது?' என்று தோன்றும். நல்ல உடம்பைத்தான் முதலில் கற்க வேண்டும். சாதாரண மூச்சுச் சத்தம் நூறு முறை காதில் விழுந்த பிறகுதான், வார்டில் ஒரு முதியவரின் நெஞ்சடியில் கிராக்கிள்ஸ் (மூச்சோடு வரும் மொறுமொறுப்பான சத்தம்) கேட்கும்போது 'இது வேறு' என்று காது தானாகச் சொல்லும். கிராக்கிள்ஸுக்கு விளக்கம் மனப்பாடமாக இருந்தும் நேரில் அடையாளம் தெரியாமல் நின்ற பல மாணவிகளைப் பார்த்திருக்கிறேன்.

பெர்கஷனை, அதாவது விரலால் தட்டி சத்தத்தை வைத்துப் பரிசோதிப்பதைக் கண்டு எல்லோரும் மிரளுகிறார்கள். 1761-இல் அதைப் பற்றி முதன்முதலில் எழுதிய ஆவன்ப்ரூகர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் ஒரு விடுதிக்காரரின் மகன். ஒயின் பீப்பாயைத் தட்டி, சரக்கு எதுவரை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கத்திலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது என்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதும் இதே வித்தைதான். இடது கை நடுவிரலைத் தோலோடு அழுத்தி வைத்து, வலது கை நடுவிரலின் நுனியால் மணிக்கட்டை மட்டும் ஆட்டித் தட்டுங்கள். உங்கள் தொடையில் மொத்தென்று கேட்கும். காற்று நிறைந்த வயிற்றில் மேளம் போலக் கேட்கும். நெஞ்சில் வலது பக்கம் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமாகும். கல்லீரல் அங்கே தொடங்குகிறது. ஒரு முறை அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் மறக்காது.

பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்ற வரிசை வயிற்றுக்கு மட்டும் மாறும் என்று படித்திருப்பீர்கள். வயிற்றில் பார்த்ததும் கேட்க வேண்டும், பிறகுதான் தட்டுவதும் தொடுவதும். கையால் அழுத்தினால் குடலின் அசைவு மாறி, கேட்கும் சத்தமும் மாறிவிடும் என்பதுதான் காரணம். காரணம் தெரிந்தால் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். வலது அடிவயிற்றில் ஸ்டெத்தை வையுங்கள். குடல் சத்தம் நிமிடத்துக்கு 5 முதல் 30 வரை கேட்டால் சரி. எதுவும் கேட்கவில்லை என்று எழுதுவதற்கு முன் முழுசாக ஐந்து நிமிடம் கேட்டிருக்க வேண்டும்.

இதயத்துக்கு ஸ்டெத்தை வைக்கும் இடங்களைப் படத்தில் பார்த்துப் பயனில்லை. தொண்டைக்குழியில் விரலை வைத்து நெஞ்செலும்பில் மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா எலும்பு. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கே வலது பக்கம் அயோர்ட்டிக், இடது பக்கம் பல்மோனிக் என்ற இதய வால்வுகளின் சத்தம் கேட்கும். இடது பக்கம் எண்ணிக்கொண்டே இறங்கினால் ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் மைட்ரல் வால்வின் சத்தம். எண்ணிப் போகிற விரல் வழி தவறாது.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நான் வார்டில் வேலை பார்த்தபோது ஒரே நாளில் இருபது நோயாளிகளின் சார்ட்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 20 என்று எழுதியிருந்ததைக் கண்டேன். அதில் ஒரு அம்மாவுக்கு நான் எண்ணியபோது 34. எழுதியவர் எண்ணவே இல்லை. இந்தப் பழக்கம் மாணவப் பருவத்தில்தான் தொடங்குகிறது. பல்ஸ் பார்த்து முடித்தாலும் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காமல், நோயாளியிடம் சொல்லாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பரீட்சையிலும், எவ்வளவு அவசரமானாலும், எண்ணாத எண்ணை எழுதாதீர்கள்.

தமிழ் மீடியம் பற்றிச் சொன்னீர்கள். நோயாளி சொல்வதைக் கேட்டு எழுதுவது இந்தப் பாடத்தின் பாதி. நோயாளி பேசப்போவது தமிழில். 'நெஞ்சைக் கரிக்குது', 'கால் குடைச்சல்', 'விண்விண்ணு தெறிக்குது', 'கிறுகிறுன்னு வருது' எல்லாம் வேறு வேறு என்பது உங்களுக்குச் சொல்லித்தராமலே தெரியும். முக்கியமாக, 'நெஞ்சுல வாய்வு புடிச்சிருக்கு' என்று ஒருவர் சொன்னால் 'கேஸ்' என்று மொழிபெயர்த்து எழுதிவிடாதீர்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, எப்போதிலிருந்து, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்த்ததா என்று கேளுங்கள். மாரடைப்பையும் நம் ஊரில் வாய்வு என்றே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஆங்கிலப் பெயர் ஒன்றிரண்டு தடுமாறினாலும் பரவாயில்லை, முந்தைய நாள் அந்த நோட்ஸை எடுத்து ஒரு முறை புரட்டிக்கொள்ளுங்கள். அதற்கு அது போதும்.

புத்தகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தோல் வெளிறியிருக்கிறதா, நீலம் பூத்திருக்கிறதா என்பதற்கான வர்ணனைகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை மனசில் வைத்து எழுதப்பட்டவை. நம் நிறத்துக்கு முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரத்தசோகைக்குக் கீழ் இமையின் உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை. நீலத்துக்கு உதட்டின் உள்பக்கமும் நாக்கும். மஞ்சள் காமாலைக்குக் கண்ணின் வெள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் வேண்டாம்.

பரீட்சை அறையில் நுழைந்ததும் கை கழுவி, பெயர் சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று நோயாளியிடம் சொல்லி, சம்மதம் கேட்டு, திரையை இழுத்துவிடுங்கள். பதற்றத்தில் முதலில் பறிபோவது இந்த மதிப்பெண்கள்தான். ஸ்டெத்தின் வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகே நோயாளியின் மேல் வையுங்கள், துணிக்கு மேல் வைக்காதீர்கள். முந்தின இரவு நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, கைக்கடிகாரத்தில் செகண்ட் முள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு தூங்கப் போங்கள்.